மலைச்சாலையில் மிதிவண்டி



தேனி மாவட்டத்தின் வரைபடத்தை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். மேற்கே நெடுஞ்சுவர்போல் நிற்பது மேற்குத் தொடர்ச்சி மலை. கிழக்கும் தெற்குமாக வருசநாட்டு மலைகளும் மேகமலையும் அரண் செய்கின்றன. நடுவே, முல்லைப் பெரியாற்று நீரால் வளம் பெற்ற கம்பம் பள்ளத்தாக்கு கிடக்கிறது. பள்ளத்தாக்கிலிருந்து மேலே ஏறும் மலைச்சாலைகள் பல. கூடலூரைக் கடந்து லோயர் கேம்ப் வழியாகக் குமுளிக்குச் செல்வது ஒன்று. கம்பத்திலிருந்து கம்பம்மெட்டுக்கு ஏறுவது ஒன்று. போடிநாயக்கனூரிலிருந்து போடிமெட்டு சென்று மூணாற்றை நாடுவது ஒன்று. சின்னமனூரிலிருந்து மேகமலைக்குச் செல்வது மற்றொன்று. இச்சாலைகளின் அடிவாரத்தில் பிறந்து வளரும் இளைஞன் எவனுக்கும், மிதிவண்டியில் ஏறி அம்மலையை ஒருநாள் வென்றுவிட வேண்டும் என்னும் ஆசை எழுவது இயல்பே.

அந்த ஆசை நல்ல ஆசை. அதை நான் தடுக்க வரவில்லை. ஆனால் மலையைப் பற்றி ஓர் உண்மையை முதலில் மனத்திற் கொள்ளுங்கள்: ஏற்றத்தில் உங்கள் காலுக்குச் சோதனை, இறக்கத்தில் உங்கள் வண்டிக்குச் சோதனை. கால் சோர்ந்தால் இறங்கித் தள்ளிக்கொண்டு போகலாம், எவரும் நகைக்கமாட்டார்கள். பிரேக் சோர்ந்தால் அதன் விளைவு வேறு. ஆகவே மலையில் இறங்கும் பயணம் உண்மையில் வீட்டு முற்றத்திலேயே தொடங்கிவிடுகிறது. இதனைச் சற்று விளக்கமாகக் காண்போம்.

முதலில் ஏற்றத்தை எடுத்துக்கொள்வோம். நம் ஊர்களில் பெரும்பாலோர் ஓட்டுவது ஒரே பற்சக்கர விகிதமுள்ள சாதாரண மிதிவண்டி. பதினோராம் வகுப்பு மாணவர்களுக்குத் தமிழ்நாட்டு அரசு விலையின்றி வழங்கும் வண்டியும் இவ்வகையைச் சேர்ந்ததே. பழைய ஆண்கள் வண்டி ஒன்றில் முன் பற்சக்கரத்திற்கு 44 பற்களும் பின் பற்சக்கரத்திற்கு 18 பற்களும் இருப்பதாகக் கொள்வோம். பெடலை ஒருமுறை முழுதாகச் சுற்றினால் வண்டி ஏறத்தாழ 5.4 மீட்டர் தூரம் செல்லும். நூறு மீட்டர் தூரத்திற்கு ஆறு மீட்டர் உயரும் சாலையில், ஆளும் வண்டியுமாக 75 கிலோகிராம் எடையை ஏற்றவேண்டுமானால், பெடலின்மீது சராசரியாக 22 கிலோகிராம் எடைக்குச் சமமான விசையை இடைவிடாது செலுத்தவேண்டும். பெடல் மேலும் கீழும் நிற்கும் நிலைகளில் கால் பயனின்றிப் போவதால், நடுநிலையில் இதைவிட மிகுதியாகவே அழுத்த நேரிடும். கிலோமீட்டர் கணக்கில் இதைச் செய்ய எத்தனை பேரால் இயலும்?

மலைப்பாதைக்கென அமைந்த வண்டியில் பற்சக்கரங்கள் பல. முன்னே 22 பற்கள், பின்னே 32 பற்கள் என்று மாற்றிக்கொண்டால், ஒரு சுற்றுக்கு வண்டி ஏறத்தாழ 1.4 மீட்டரே நகரும். பெடலுக்கு வேண்டிய விசையோ ஆறு கிலோகிராம் எடை அளவிற்குக் குறைந்துவிடும். மாயம் ஒன்றுமில்லை; விசை குறைந்த அளவிற்குச் சுற்றுகள் பெருகுகின்றன. செய்யும் வேலையின் மொத்தம் மாறுவதில்லை. கிணற்றில் நீர் இறைக்கும் கப்பியும், மலையைச் சுற்றிச் சுற்றி ஏறும் சாலையும் இதே விதிக்குக் கட்டுப்பட்டவைதாம். நேரே ஏறமுடியாத மலையை வளைந்து வளைந்து ஏறுவது பற்சக்கரத்தை மாற்றுவது போன்றதே.

இனி இறக்கத்திற்கு வருவோம். குமுளிச் சாலையில் சென்றவர்கள், மலைச்சரிவில் இறங்கி வரும் பெரிய இரும்புக் குழாய்களைக் கண்டிருப்பீர்கள். 1895-ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பட்ட முல்லைப் பெரியாறு அணையின் நீர், தேக்கடியிலிருந்து மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே வந்து, அக்குழாய்களில் விழுந்து, லோயர் கேம்பில் உள்ள மின் நிலையத்தின் சுழலிகளைச் சுழற்றுகிறது. உயரத்தில் இருந்த நீர் உயரத்தை இழக்கிறது. இழந்த உயரம் மின்சாரமாகிறது. மின் நிலையத்திற்குச் செல்லாத நீர் இரைச்சல் பாலம் வழியே பாய்கிறது. அவ்விடத்தில் அதே ஆற்றல் பேரொலியாகவும் நுரையாகவும் வெப்பமாகவும் சிதறுகிறது.

மிதிவண்டியில் இறங்கும் மாணவனும் உயரத்தை இழக்கிறான். அவன் இழந்த உயரம் எங்கே போகிறது? போடிமெட்டு கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 1,400 மீட்டர் உயரத்தில் உள்ளது. போடிநாயக்கனூர் ஏறத்தாழ 350 மீட்டர். எனவே இடையே ஆயிரம் மீட்டருக்குக் குறையாத இறக்கம் இருக்கிறது. 75 கிலோகிராம் எடை ஆயிரம் மீட்டர் இறங்கும்போது வெளிப்படும் ஆற்றல் 735 கிலோஜூல். இரண்டரை லிட்டர் தண்ணீரைச் சாதாரண வெப்பநிலையிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவர இது போதும். இந்த ஆற்றலில் ஒரு பங்கைக் காற்றும், ஒரு சிறு பங்கைத் தரையும் ஏற்கின்றன. நீங்கள் வேகத்தை அடக்கி மெதுவாக இறங்கினால், எஞ்சிய பெரும்பகுதியையும் விரலளவே உள்ள நான்கு ரப்பர்க் கட்டைகளும் இரண்டு ரிம்களும் ஏற்றாகவேண்டும். ஒரு பாத்திரம் வெந்நீர் காய்ச்சும் வெப்பம் உங்கள் பிரேக்கில் பிறக்கிறது என்பதை எண்ணிப் பாருங்கள்.

இவ்வுண்மையை உலகிற்குச் சுவையாக உணர்த்திய ஒரு வரலாறு உண்டு. 1970-களில் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், மரின் என்னும் வட்டாரத்தில், சில இளைஞர்கள் பழைய தடித்த டயர் வண்டிகளைச் செப்பனிட்டு மண்பாதைகளில் ஓட்டத் தொடங்கினர். ஃபேர்ஃபாக்ஸ் என்ற ஊரையொட்டிய மலையில், ஏறத்தாழ 400 மீட்டர் இறங்கும் செங்குத்தான பாதை ஒன்றில், 1976-ஆம் ஆண்டு முதல் பந்தயமும் நடத்தினர். அவ்வண்டிகளில் பெடலைப் பின்னோக்கி மிதித்தால் பிடிக்கும் பிரேக், பின் சக்கரத்தின் நடுக்குடத்திற்குள் இருந்தது. ஒருமுறை இறங்குவதற்குள் அக்குடம் சூடேறி, உள்ளிருந்த கிரீஸ் உருகிப் புகைந்து போகும். ஒவ்வோர் ஓட்டத்திற்குப் பிறகும் மீண்டும் கிரீஸ் அடைக்கவேண்டும். ‘மீண்டும் அடைத்தல்’ என்று பொருள்படும் ‘ரீபேக்’ என்பதே அப்பந்தயத்திற்குப் பெயராயிற்று! 1977-இல் ஜோ பிரீஸ் என்பவர் மலைப்பாதைக்கெனவே புதிய சட்டம் அமைத்து ஒரு வண்டி செய்தார். கேரி ஃபிஷர், டாம் ரிச்சி முதலியோரும் இக்கலையை வளர்த்தனர். 1996-இல் அட்லாண்டா ஒலிம்பிக்கில் மலை மிதிவண்டிப் போட்டி இடம்பெற்றது. இன்று இவ்வண்டிகளில் தட்டுப் பிரேக் பொருத்துகிறார்கள். வெப்பம் ரிம்மைத் தீண்டாமல் தனி இரும்புத் தட்டிலேயே பிறந்து காற்றில் ஆறிவிட வேண்டும் என்பது அதன் பயன்களுள் ஒன்று.

நம்மிடம் உள்ளது சாதாரண வண்டி. அதனைக்கொண்டே பாதுகாப்பாக இறங்குவது எப்படி? இரு பிரேக்குகளையும் சேர்த்துப் பயன்படுத்துங்கள். வேகம் குறையும்போது உடலின் பாரம் முன் சக்கரத்தின்மீது சாய்வதால், முன் பிரேக்கே மிகுதியாக வேலை செய்யும். ஆனால் அதனைத் திடீரென இறுக்கினால் வண்டி உங்களைத் தலைகுப்புறத் தள்ளிவிடும். கொண்டை ஊசி வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிட்டு, வளைவில் அமைதியாகத் திரும்புங்கள். வேகம் இருமடங்கானால், அடக்க வேண்டிய ஆற்றல் நான்கு மடங்காகும் என்ற பௌதிக விதியை மறவாதீர்கள். நெடுந்தூரம் பிரேக்கைப் பிடித்தபடியே வந்தால் ரிம் சூடேறும். டியூபில் ஒட்டிய பழைய ஒட்டு இளகிவிடவும் கூடும். ஆதலால் இடையிடையே, சாலையை விட்டு ஒதுங்கிய இடத்தில் நிறுத்தி ஆறவிடுங்கள். மழையில் ரிம் நனைந்திருந்தால் ரப்பர்க் கட்டை வழுக்கும். வண்டி நிற்க வழக்கத்தைவிட மிக அதிகத் தூரம் தேவைப்படும். மலைச்சாலையில் ஏறிவரும் வண்டிக்கு இறங்கும் வண்டி வழிவிட வேண்டும் என்பது சாலை விதி. வளைவில் பேருந்து திரும்பும்போது சாலை முழுவதும் அதற்கே வேண்டியிருக்கும். ஆனி, ஆடி மாதங்களில் கணவாய் வழியே வீசும் காற்று, திருப்பத்தில் திடீரெனப் பக்கவாட்டில் மோதும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

பல ஆண்டுகளுக்கு முன் என்னிடம் பயின்ற மாணவன் ஒருவன் மலைச்சாலையில் இறங்கி வந்தபோது, பாதி வழியில் பிரேக் பிடி கைப்பிடியைத் தொட்டுவிட்டது, வண்டி நிற்கவில்லை. கட்டையின் ரப்பர் தேய்ந்து, அதனைத் தாங்கும் இரும்பு ரிம்மில் உராய்ந்து கொண்டிருந்தது. நல்லவேளையாக அவன் நிதானம் இழக்காமல், பள்ளத்தின் பக்கம் போகாது மலைப்பக்கத்து மண்மேட்டில் வண்டியைச் செலுத்தி விழுந்தான். முன்கை எலும்பு முறிவுடன் ஆபத்து நீங்கியது. அந்தக் கட்டை ஒரே நாளில் தேய்ந்ததன்று. வாரங்கள் பலவாக அது தேய்ந்துகொண்டே வந்தது. குனிந்து பார்ப்பார்தாம் இல்லை.

ஆகவே வீட்டில் செய்யவேண்டிய சோதனைகளை வரிசையாகக் கூறுகிறேன். இதற்கு ஒரு ஸ்பானர், எண்ணெய்க் குப்பி, பழந்துணி, காற்றடிக்கும் பம்ப் ஆகியவை போதும்.

முதலாவது, பிரேக் கட்டைகள். அவற்றின் முகத்தில் உள்ள பள்ளக் கோடுகள் மறைந்துவிட்டால் கட்டையை மாற்றுங்கள். கட்டை முழுதும் ரிம்மில் படியவேண்டும்; டயரைத் தொடக்கூடாது. பிரேக் பிடியை முழு வலுவுடன் அழுத்தினாலும் கைப்பிடிக்கும் அதற்கும் இடையே இரண்டு விரல் இடைவெளி இருக்கவேண்டும். கம்பி வடத்தில் ஓர் இழை அறுந்திருந்தாலும் அதனைப் புதுப்பியுங்கள்.

இரண்டாவது, சக்கரம். வண்டியைக் கவிழ்த்து வைத்துச் சக்கரத்தைச் சுழற்றி, ரிம் இருபுறமும் ஆடாமல் கட்டைகளின் இடையே ஓடுகிறதா என்று பாருங்கள். பின்பு சக்கரக் கம்பிகளை ஒவ்வொன்றாக விரலால் மீட்டுங்கள். ஒரே பக்கத்துக் கம்பிகள் ஏறத்தாழ ஒரே சுருதியில் ஒலிக்கும். மந்தமாக ஒலிப்பது தளர்ந்த கம்பி. சக்கரத்தின் இருபக்க நட்டுகளும் இறுகியுள்ளனவா என்பதையும் பாருங்கள்.

மூன்றாவது, கைப்பிடியின் கழுத்து. முன் பிரேக்கை அழுத்திப் பிடித்துக்கொண்டு வண்டியை முன்னும் பின்னும் அசையுங்கள். ‘டக், டக்’ என்ற ஒலி கேட்டால் கழுத்திலோ முன் ஃபோர்க்கிலோ தளர்ச்சி உண்டு. ஃபோர்க்கில் விரிசல் கண்டால் வீட்டு வைத்தியம் செய்யாதீர்கள். பற்றவைத்து ஓட்டவும் எண்ணாதீர்கள். புதியதை மாற்றுவது ஒன்றே வழி.

நான்காவது, செயின். நடுவில் விரலால் அழுத்தினால் ஏறத்தாழ அரை அங்குலம் தளர்ந்து கொடுக்கவேண்டும். பழைய அழுக்கைத் துணியால் துடைத்தபின் எண்ணெய் விடுங்கள். அந்த எண்ணெயில் ஒரு துளிகூட ரிம்மின்மீது படக்கூடாது.

ஐந்தாவது, டயரும் டியூபும். சீமைக்கருவேல முள் நம் பகுதிப் பாதைகளில் எங்கும் உண்டு. பஞ்சரானால் டியூபைக் கழற்றிக் காற்றடித்து, நீருள்ள பாத்திரத்தில் அமிழ்த்தி, குமிழி வரும் இடத்தை அடையாளமிடுங்கள். ஈரம் போகத் துடைத்து, உப்புத்தாளால் தேய்த்து, சொல்யூஷனை மெல்லியதாகத் தடவுங்கள். அது சற்று உலர்ந்து, தொட்டால் விரலில் ஒட்டாத பதம் வந்தபின் ஒட்டை வைத்து அழுத்துங்கள். பொறுமையின்றி ஈரத்திலேயே வைக்கும் ஒட்டு நிலைக்காது. டயரின் உட்புறத்தைத் தடவிப் பார்த்து முள்ளை அகற்றவும் மறவாதீர்கள். இல்லையேல் அதே முள் மறுபடியும் தைக்கும்.

இத்தனையும் முடித்தபின் ஒரு சிறு தேர்வு வையுங்கள். வீட்டருகே சமதரையில் மெதுவாக ஓட்டி, முன் பிரேக்கை மட்டும், பின்பு பின் பிரேக்கை மட்டும் பிடித்துப் பாருங்கள். இரண்டும் தனித்தனியே வண்டியை நிறுத்தினால்தான் மலைக்குத் தகுதி. மண்பாதையில் பழக விரும்புவோர் முதலில் கண்மாய்க் கரையிலும் வாய்க்கால் கரையிலும் பழகுங்கள்.

காட்டுப் பாதைகளைப் பற்றி ஒரு சொல். மேகமலைக் காடுகள் 2021-இல் திருவில்லிபுத்தூர்–மேகமலைப் புலிகள் காப்பகமாயின. அங்கு வனத்துறையின் அனுமதியின்றி நுழைவது சட்டப்படி குற்றம், அறிவுடைமையும் ஆகாது. 2018-ஆம் ஆண்டு மார்ச் மாதம், போடிக்கு மேலே குரங்கணிக் காட்டில் மலையேறச் சென்றவர்கள் காட்டுத்தீயில் சிக்கி, இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்த துயரம் நம் மாவட்டத்தின் நெஞ்சில் ஆறாத புண்ணாக உள்ளது. கோடையில் காய்ந்த புல் நிறைந்த சரிவில் ஆற்றலும் துணிவும் மட்டும் காப்பாகமாட்டா. வழி அறிந்த துணையும், உரியவர்களின் அனுமதியும், வீட்டாருக்குச் சொல்லிச் செல்லும் ஒழுங்கும் வேண்டும்.

மாணவர்களே, மலை ஏறுவது வீரம் என்று பலரும் புகழ்வார்கள். ஒரு ரூபாய் நாணயத்தின் தடிப்புகூட இல்லாமல் தேய்ந்த ரப்பரைக் கண்டு, “இன்று மலைக்குப் போவதில்லை, முதலில் இதை மாற்றுவேன்” என்று சொல்லும் மாணவனை எவரும் புகழமாட்டார்கள். ஆயினும் நூலில் படித்த பௌதிகத்தை வாழ்வில் பயன்படுத்தத் தெரிந்தவன் அவனே. வரும் ஞாயிற்றுக்கிழமை காலையில் அரை மணி நேரத்தை உங்கள் மிதிவண்டிக்கு ஒதுக்குங்கள். பிறகு மலைச்சாலை உங்களுக்காகக் காத்திருக்கும். அது எங்கும் போய்விடாது.