மஞ்சள் மண்ணில் பொன் மினுக்கு

கி.பி. 9ஆம் நூற்றாண்டு, அப்பாஸிய கலீஃபாக்களின் காலம். சீனத்து வெள்ளைப் பீங்கான்கள் கப்பலில் ஈராக்குக்கு வந்து இறங்கின. பஸ்ரா குயவர்களுக்கும் அப்படிச் செய்ய ஆசை. ஆனால் அதற்கான வெண்களிமண் அங்கே இல்லை. கிடைத்தது மஞ்சள் மண்தான்.

அதற்காக அவர்கள் சோர்ந்துவிடவில்லை. கண்ணாடிப் பூச்சில் வெள்ளீயச் சாம்பலைக் கலந்து பூசி, மண்ணின் நிறத்தையே மறைத்தார்கள். பாத்திரம் வெள்ளையாக வந்தது. பிறகு, எகிப்திலும் சிரியாவிலும் கண்ணாடியில் தீட்டப்பட்டு வந்த உத்தியை மண்பாண்டத்துக்குக் கொண்டுவந்தார்கள். சுட்டு எடுத்த பாத்திரத்தின்மேல் வெள்ளி, செம்புக் கலவையால் சித்திரம் எழுதி, மறுபடியும் சூளையில் வைத்தார்கள். இம்முறை சூடு குறைவு. காற்றை அடைத்துப் புகையைக் கூட்டினார்கள். அந்தப் புகையில் உலோகம் மெல்லிய படலமாகப் பாத்திரத்தில் படிந்தது. ஆறியபின் மேலே ஒட்டியிருந்ததைத் தேய்த்துத் துடைத்தால் பொன்போல் மின்னும். சூடோ புகையோ பக்குவம் தவறினால் அத்தனை உழைப்பும் வீண்.

துனிசியாவில் கைரவான் பெரிய பள்ளிவாசலின் மிஹ்ராபைச் சுற்றி, அக்காலத்து மினுக்கு ஓடுகளை இன்றும் காணலாம். வசதியில்லை என்று நம் பிள்ளைகள் தயங்கும்போது, இந்த மஞ்சள் மண்ணின் கதையை அவர்களுக்குச் சொல்லுங்கள்.