காணாமற்போகும் கருவிகள்

கணிப்பொறியில் இயக்க முறைமையை அழித்து மீண்டும் நிறுவியபின், அதுகாறும் செவ்வனே பணியாற்றிய கருவியொன்று காணாமற்போதல் பலரும் எதிர்கொள்ளும் இடராகும். ஒலி எழாது, அல்லது கம்பியில்லா இணையம் கிட்டாது. ஆய்வேடு ஒப்படைக்கும் நாள் நெருங்கிய மாணவர்க்கு இஃது எத்துணைத் துன்பம் என்பதை நாம் அறிவோம். ‘அட்டை எரிந்துவிட்டது, புதிது வாங்குக’ எனப் பழுதுபார்ப்போர் சிலர் வழங்கும் தீர்ப்பை உடனே ஏற்றுப் பணமிழத்தல் வேண்டா. பெரும்பாலும் கருவி அங்கேயே இருக்கிறது; அதனை இயக்கும் டிரைவர் என்னும் மென்பொருளே அழிந்துபோயிற்று.

விண்டோசில் ‘டிவைஸ் மேனேஜர்’ என்னும் பட்டியலைத் திறந்து நோக்குக. ‘அதர் டிவைசஸ்’ என்னும் தலைப்பின்கீழ் மஞ்சள் குறியுடன் ஏதேனும் நிற்கின்றதா? அதன் பண்புகளைத் திறப்பின் 28 என்னும் எண் காணப்படலாம். டிரைவர் நிறுவப்படவில்லை என்பதே அதன் பொருள். 22 எனில் கருவி முடக்கப்பட்டுள்ளது. மீண்டும் இயக்கினால் போதும்.

பெயரற்று நிற்பதனை இனங்காண்பது எங்ஙனம்? ‘டீட்டெய்ல்ஸ்’ பகுதியில் ‘ஹார்டுவேர் ஐடி’ என்பதைத் தெரிவு செய்க. பலகையில் பொருந்திய கருவியாயின் ‘வென்’ என்பதை அடுத்த நான்கு குறிகள் அதனைச் செய்த நிறுவனத்தையும், ‘டெவ்’ என்பதை அடுத்த நான்கு அக்கருவியின் வகையையும் சுட்டும். தந்தை பெயரின் முதலெழுத்தைத் தம் பெயர்க்கு முன் நிறுத்தும் நம் வழக்கத்தை இஃது ஒத்திருத்தல் காண்க. இன்டெல் நிறுவனத்தின் எண் 8086. அந்நிறுவனம் 1978இல் வெளியிட்ட புகழ்பெற்ற சில்லின் பெயரும் அதுவே. இவ்வெண்களை அறிந்தபின், கணிப்பொறியைச் செய்த நிறுவனத்தின் தளத்திலேயே டிரைவரைப் பெறுதல் நன்று. எல்லா டிரைவர்களையும் ஒருங்கே தருவதாகக் கூறும் அறிமுகமற்ற செயலிகளை நாம் பரிந்துரையோம்.

இணையமே இல்லையெனின்? கைப்பேசியை யூஎஸ்பி வடத்தால் இணைத்து, ‘டெதரிங்’ வழி அதன் இணையத்தைப் பகிரலாம்.

பட்டியலில் சுவடே இல்லையெனில், பயாஸ் அமைப்பில் கருவி அணைக்கப்பட்டுள்ளதா என நோக்குக. பின்னர் உபுண்டுவைப் பென்டிரைவிலிருந்து நிறுவாமலே இயக்கிப் பார்க்க. ஆங்குக் கருவி இயங்கின் வன்பொருளில் குறையில்லை.

நிறுவும்பொழுதே வட்டு தோன்றாமை இவற்றினும் அச்சந்தருவது. இன்டெலின் 11ஆம் தலைமுறை மடிக்கணினிகள் பலவற்றில், ‘விஎம்டி’ என்னும் அமைப்பின் காரணமாக, விண்டோஸ் 10 நிறுவி வட்டினைக் காணாது. வட்டு அழிந்ததெனக் கலங்கற்க. ‘ரேபிட் ஸ்டோரேஜ் டெக்னாலஜி’ டிரைவரை விரித்துப் பென்டிரைவில் இட்டு, ‘லோட் டிரைவர்’ வழி ஏற்றுக. வட்டு தோன்றியதும் ‘ஃபார்மட்’ பொத்தானை அழுத்திவிடாதீர். பழைய கோப்புகள் இன்னும் அதனுள்ளேதான் உள்ளன. அவற்றை முதலில் வேறிடத்திற்குப் படியெடுத்துக்கொள்க.