மனத்துயருறும் மாணாக்கரும் அவர்க்கேற்ற பராமரிப்பும்

கல்லூரி விழாமலரிலே புலமைப்பரிசில் பெற்றோரும், பல்கலைக்கழகம் புக்கோரும், விளையாட்டிலே வெற்றிக்கேடயம் ஈட்டினோரும் இடம்பெறுதல் மரபு. அவர்தம் பெருமை கல்லூரியின் பெருமையாதலின் அது தக்கதே. ஆயின், எந்தக் கல்லூரியின் வரவு இடாப்பிலும் ஆண்டின் நடுவே கோடிடப்பட்டு மறைந்த பெயர்கள் சில உள. “குழப்படிகாரன்”, “மந்தன்”, “திருந்தாதவன்” என ஒரு சொல்லால் அளந்து கைவிடப்பட்டோர் அவருட் பலர். அத்தகையோர்க்கு யாது செய்தல் வேண்டும் என்பதும் இம்மலரிலே சிந்திக்கத்தக்க பொருளாகும்.

முதற்கண் அறியவேண்டுவது ஒன்றுண்டு. நடத்தை என்பது வெளியே தோன்றும் குறி. அதன் காரணம் உள்ளே மறைந்திருப்பது. காய்ச்சலைக் கண்ட வைத்தியர், அது டெங்குவோ நெருப்புக்காய்ச்சலோ என ஆராயாது மருந்து கொடார். மாணாக்கன் நடத்தையைக் கண்டவிடத்தும் அவ்வாராய்ச்சியே வேண்டப்படும்.

எட்டாந் தரத்திலே வீட்டுவேலை செய்யாது வரும் மாணாக்கர் நால்வர் உளர் எனக் கொள்வோம். முதலாமவன் எழுத்துக்களை மாறாடி வாசிப்பவன், அறிவிற் குறைந்தவனல்லன், வாசிப்பிலே தனிப்பட்ட இடர்ப்பாடு உடையவன். அவனுக்கு வேண்டுவது சிறப்புக் கற்பித்தல். இரண்டாமவன் ஐந்து நிமிடம் ஓரிடத்தில் அமரமாட்டாதவன். சிறுபராயந்தொட்டு வீட்டிலும் அவ்வாறே இருப்பவன். அவன் அவதானக் குறைவும் மிகையியக்கமும் உடையவனோ என வைத்தியர் ஆராய்தல் வேண்டும். மூன்றாமவன் சென்ற தவணைவரை நன்கு கற்றவன். தந்தை இறந்தபின் உறக்கமும் பசியும் குன்றியவன். அவன் துயரைக் கேட்க ஒரு செவி வேண்டும். நாட்பட்டும் துயர் தணியாதாயின் வைத்தியமும் வேண்டும். நான்காமவன் வீட்டிலே துன்புறுத்தப்படுபவன். அவனுக்கு முதலில் வேண்டுவது பாதுகாப்பு. ஏனையவெல்லாம் அதன் பின்னரே. இந்நால்வரையும் வகுப்புக்கு வெளியே வரிசையாக நிறுத்தினால் எவனுக்கும் பயன் விளையாது. நான்காமவனுக்கோ ஒடுங்குதற்கு இருந்த ஒரேயிடமும் இல்லையாகும்.

ஆசிரியர் கண்ணிற்படும் குறிகள் எவை என்பதும் நோக்கத்தக்கது. 1928இல் அமெரிக்காவில் விக்மன் என்பவர், மாணாக்கர் நடத்தைகளுள் எவை பாரதூரமானவை என 511 ஆசிரியரிடமும் உளநலம் கற்ற 30 அறிஞரிடமும் வினவினார். களவு, பொய், ஒழுக்கக்கேடு, கீழ்ப்படியாமை முதலியவற்றை ஆசிரியர் முன்வைத்தனர். அறிஞரோ தனித்தொதுங்கல், அச்சம், ஐயுறவு, மகிழ்ச்சியின்மை என்பவற்றை முன்வைத்தனர். இவ்விரு சாராரின் இடைவெளி பிற்காலத்து ஆய்வுகளிற் குறைந்து காணப்பட்டது. எனினும் வகுப்பைக் குழப்புபவன் உடனே கண்ணிற்படுகின்றான். கடைசி வாங்கிலே மௌனமாய் வாடுபவன் “நல்ல பிள்ளை” எனப்பட்டுக் காணாது விடப்படுகின்றான். பராமரிப்பு ஓசையை நோக்கிச் செல்வதன்று. தேவையை நோக்கிச் செல்வதாம்.

நல்லெண்ணம் இருந்தாற் போதாதோ எனச் சிலர் வினவுவர். போதாது என்பதற்குப் பெருஞ்சான்று ஒன்றுண்டு. அமெரிக்காவின் மாசச்சூசெற்ஸ் மாநிலத்திலே, கேம்பிறிட்ஜ், சமவில் என்னும் நகரங்களில், றிச்சேட் கபொற் என்னும் வைத்தியர் வகுத்த திட்டம் ஒன்று 1939இல் தொடங்கிற்று. வயதாலும் குடும்பநிலையாலும் இயல்பாலும் ஒத்த சிறுவர் இருவர் இருவராக இணைக்கப்பட்டனர். நாணயஞ் சுண்டி இருவருள் ஒருவனுக்கு மட்டும் உதவி வழங்கப்பட்டது. வீடு தேடிச் செல்லும் ஆலோசகர், பாடத்துணை, வைத்தியம், கோடைப் பாசறை எனப் பலவகை உதவிகள் ஏறத்தாழ ஐந்தாண்டு கிடைத்தன. திட்டம் 1945இல் முடிவெய்திற்று. முப்பதாண்டு கழிந்தபின் ஜோன் மக்கோட் என்னும் அம்மையார் 506 பேரின் வரலாற்றைத் தேடி ஆராய்ந்து 1978இல் வெளியிட்டார். உதவி பெற்றோருள் மூன்றிலிருபங்கினர் அது தமக்கு நன்மை பயந்ததென்றே கூறினர். ஆயினும் மதுவுக்கு அடிமையாதல், கடிய உளநோய், இளவயதில் இறத்தல், மீண்டும் குற்றம் புரிதல் என்பவற்றிலே உதவி பெறாதோரினும் அவர் நிலை தாழ்ந்திருந்தது. கோடைப் பாசறைக்கு மீண்டும் மீண்டும் அனுப்பப்பட்டோரிடமே இத்தீங்கு மிக்கிருந்தமை பின்னர் அறியப்பட்டது. குழப்படிகாரரை ஒருங்கு கூட்டியவிடத்து ஒருவன் தீச்செயலை மற்றவன் நகைத்து ஊக்கினான் என ஆய்வாளர் விளக்கங் கூறினர். தண்டனை வகுப்பென ஒன்றமைத்து இத்தகையோரை அங்கே குவிக்கும் பாடசாலைகள் இவ்வரலாற்றை மனங்கொள்ளல் வேண்டும். பொருந்தாத பராமரிப்பு பயனற்றது மாத்திரமன்று, தீங்கும் பயக்கும்.

ஆயிற் பொருந்துவதைத் தெரிதல் எவ்வாறு? பராமரிப்பை ஒரு படிவரிசையாகக் கொள்ளலாம்.

முதற்படி வகுப்பறை. இருக்கையை மாற்றுதல், வேலையைச் சிறு கூறுகளாக்குதல், செய்தவற்றைப் பாராட்டுதல், பெற்றோரை அழைத்துக் குற்றஞ் சாட்டாது வினவுதல் என்பன இதன்பாற்படும். பலருக்கு இதுவே போதும்.

இரண்டாம்படி, பாடசாலையின் ஆலோசனை வழிகாட்டல் ஆசிரியர். றொபேட் குட்மன் என்னும் ஆங்கிலேய மருத்துவ அறிஞர் 1997இல் வெளியிட்ட வினாக்கொத்தொன்று இங்குப் பயன்படும். அது மனவெழுச்சி, நடத்தை, மிகையியக்கம், தோழமை, பிறர்க்குதவும் பண்பு என்னும் ஐந்தினையும் 25 கூற்றுக்களால் வினவுவது, பெற்றோராலும் ஆசிரியராலும் நிரப்பத்தக்கது, தமிழிலும் உளது. அது வழிகாட்டும் கருவியேயன்றி நோய்த்தீர்ப்பன்று.

மூன்றாம்படி, வைத்தியசாலையின் உளநலப் பிரிவு. வடபகுதியிலே தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையின் உளநலப் பிரிவு பலரும் அறிந்ததொன்று.

நான்காம்படி, வைத்தியசாலை விடுதியில் தங்கிப் பெறும் சிகிச்சையும், குடும்பத்தினின்று பிரித்து இல்லமொன்றில் வைத்தலும். இவை ஏனைய வழிகள் போதாவிடத்து மாத்திரம் நாடத்தக்கன. வறுமை ஒன்றனையே காரணமாகக் காட்டிப் பிள்ளையைப் பிரித்தல் ஆகாதென 2009இல் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை ஏற்ற வழிகாட்டிகள் கூறுகின்றன.

போதுமான படிகளுள் மிகத் தாழ்ந்ததைத் தெரிக. குறித்த காலத்தின் பின் பயனை நோக்குக. பயனின்றேல் மேற்படிக்குச் செல்க. இதுவே பொதுவிதி. இதற்கு விலக்கும் உண்டு. உயிரை மாய்த்துக்கொள்வேன் என்பவன், தன்னைத் தானே ஊறுபடுத்தியவன், பிறர் கேளாத குரலைக் கேட்பதாகக் கூறுபவன் என்போரை அன்றைக்கே வைத்தியரிடம் சேர்த்தல் வேண்டும். அதுவரை தனியே விடலாகாது. தேசிய உளநல நிறுவகத்தின் 1926 என்னும் தொலைபேசி இலக்கம் இதற்குத் துணையாகும். துன்புறுத்தல் என ஐயுற்றால், 1998ஆம் ஆண்டின் 50ஆம் இலக்கச் சட்டத்தால் நிறுவப்பெற்ற தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபைக்கு 1929 என்னும் இலக்கத்தில் அறிவித்தல் வேண்டும்.

இவ்வழியிலே தடைகள் மூன்று உள. ஒன்று, “அடியாத மாடு பணியாது” என்னும் பழைய எண்ணம். உடற்றண்டனையைக் கல்வி அமைச்சின் 2005ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கச் சுற்றறிக்கை விலக்கிற்று. சட்டத்தை ஒருபுறம் விடுத்தாலும், காரணமறியாத அடி காரணத்தை நீக்காது. மற்றொன்று, பெற்றோரின் நாணம். “விசர் என்று ஊர் சொல்லும்” என அஞ்சி ஆண்டுக்கணக்கில் மறைப்பாருளர். கோயிலில் நூல் கட்டுவதும் நேர்த்தி வைப்பதும் மனத்துக்கு ஆறுதல் தருமாயின் அவற்றைத் தடுத்தல் வேண்டா; அவற்றின் பொருட்டு வைத்தியத்தைப் பிற்போடுதலே தவறு. மூன்றாவது, குடும்பத்தின் பழைய காயம். இன்று எமது வகுப்பறைகளில் இருப்போருட் பெரும்பாலோர் 2009இல் யுத்தம் முடிந்தபின் பிறந்தோர். அவர்தம் பெற்றோரோ அதனூடு வந்தோர். தந்தையின் மதுவும் தாயின் மௌனமும் பிள்ளையின் நடத்தையாய் வெளிப்படுதல் உண்டு. அத்தகைய வீட்டிலே பிள்ளையை மாத்திரம் பராமரித்தல் பாதி வேலையேயாம்.

ஆசிரியர்க்கு ஒரு சொல்: நாம் வைத்தியரல்லேம், நோய்க்குப் பெயரிடுதல் எமது கடனன்று. கண்டதைக் காலத்தொடு குறித்துவைத்தலும், மாணாக்கன் நம்பிக் கூறியதை ஆசிரியர் அறையிற் கதையாக்காமையும், அவன் உயிருக்கோ பாதுகாப்புக்கோ ஊறு நேருமாயின் உரியவரிடம் மாத்திரம் உரைத்தலும் எமது கடன். மாணாக்கர்க்கும் ஒரு சொல்: தோழன் ஒருவன் சாவைப் பற்றிப் பேசினால், அதனை மறைத்தல் நட்பன்று, நம்பத்தக்க பெரியவர் ஒருவரிடம் உடனே கூறுதலே நட்பு.

பழைய மாணவரே! கல்லூரிக்கு மண்டபமும் மதிலும் அமைத்துத் தந்தீர். அவை என்றும் நன்றிக்குரியன. இனி இரண்டு சிறு பொருள்களும் வேண்டுகின்றோம். கதவடைத்து இருவர் இருந்து பேசத்தக்க சிற்றறை ஒன்று. வைத்தியசாலைக்குப் பிள்ளையை அழைத்துச் செல்லும் ஏழைத் தாய்க்குப் பேருந்துக் கட்டணமும் அன்றைய கூலியும் ஈடுசெய்யும் சிறுநிதி ஒன்று. பொருந்திய பராமரிப்பு எங்கே உளது என அறிந்தபின்னரும் அங்கே செல்ல வழியின்றித் திரும்புவோர் உளர். அவ்வழியைத் திறப்பீராயின், அடுத்த விழாமலர் வெளிவருங் காலத்தே இடாப்பிலே கோடிடப்படாத பெயர்கள் சில மிகும்.