அடுக்களைக்கும் ஓய்வு நாள்

வேலைக்குச் செல்லும் தாய் ஒருவரிடம் விடுமுறை நாளில் என்ன செய்வீர்கள் என்று கேட்டால், வாரம் முழுவதும் தேங்கிய வீட்டு வேலைகளைச் செய்வேன் என்றே பெரும்பாலும் விடை வரும். அலுவலகத்துக்கு விடுமுறை உண்டு, அடுக்களைக்கு இல்லை. சமைப்பதும் துவைப்பதும் 'வேலை' என்ற கணக்கிலேயே சேர்க்கப்படுவதில்லை என்பதுதான் இதற்கு முதற்காரணம். அவற்றையும் வேலை என்று ஏறத்தாழ 1,800 ஆண்டுகளுக்கு முன்பே எழுதிவைத்த மரபு ஒன்று உண்டு. அது யூதர்களின் ஓய்வுநாள் மரபு.

'சபாத்' எனப்படும் அந்த ஓய்வுநாள், வெள்ளிக்கிழமை சூரியன் மறைவதற்குச் சற்று முன் தொடங்கி, சனிக்கிழமை இரவு விண்மீன்கள் தோன்றும் வேளையில் நிறைவடைகிறது. அந்நாளில் வேலை செய்யலாகாது என்பது விவிலியக் கட்டளை. ஆனால், எவையெல்லாம் வேலை என்பதற்கு விவிலியம் முழுமையான பட்டியல் தரவில்லை. கி.பி. 200-ஐ ஒட்டித் தொகுக்கப்பட்ட 'மிஷ்னா' என்னும் சட்டத் தொகுப்புதான் 39 வகை வேலைகளை வரிசைப்படுத்தியது. உழுதல், விதைத்தல், அறுவடை செய்தல், கட்டுதல், எழுதுதல் ஆகியவற்றோடு, மாவு சலித்தல், பிசைதல், சுடுதல், நூற்றல், நெய்தல், தைத்தல், நெருப்பு மூட்டுதல் ஆகியவையும் அதில் இடம்பெற்றன.

பெண்களின் நலன் கருதித் தொகுக்கப்பட்டதன்று இப்பட்டியல். பாலைவனத்தில் இஸ்ரயேலர் எழுப்பிய திருக்கூடாரத்துக்குத் தேவைப்பட்ட பணிகளே இவை என்று மரபு விளக்குகிறது. ஆயினும் அதன் விளைவு பெரிது. ஏர் பிடிப்பவரின் உழைப்பும் மாவு பிசைபவரின் உழைப்பும் ஒரே வரிசையில் நிறுத்தப்பட்டன. வயலில் ஏர் ஓயும் நாளில் வீட்டில் அடுப்பு மூட்டுவதும் ஓய வேண்டும் என்றானது. சனிக்கிழமை நண்பகல் உணவை வெள்ளிக்கிழமையே அடுப்பிலேற்றி, இரவு முழுவதும் மெல்லிய சூட்டில் வைத்திருக்கும் வழக்கம் இதனால் பிறந்தது. மரபு வழுவாத இல்லங்களில் இன்று கைப்பேசியும் கணினியும்கூட அந்நாளில் இயங்குவதில்லை. உயிர் காக்கும் தேவை எழுந்தால் ஓய்வுநாள் விதிகள் வழிவிடுகின்றன.

வெள்ளி மாலையில் தாய் விளக்கேற்றுகிறார். பெற்றோர் பிள்ளைகளுக்கு ஆசி வழங்குகின்றனர். நீதிமொழிகள் நூலின் இறுதியில் உள்ள, இல்லத்தரசியைப் போற்றும் பாடலைக் கணவர் பாடுவது பல குடும்பங்களின் வழக்கம். அப்பாடலில் வரும் பெண் வீட்டுக்குள் அடங்கியவள் அல்லள். அவள் நிலத்தை மதிப்பிட்டு வாங்குகிறாள். திராட்சைத் தோட்டம் அமைக்கிறாள். ஆடை நெய்து விற்கிறாள். பொருளீட்டும் பெண் இம்மரபுக்குப் புதியவள் அல்லள் என்பதற்கு இதுவே சான்று.

எனினும், நாணயத்துக்கு மறுபக்கமும் உண்டு. ஓய்வுநாளில் அடுப்பு மூட்டலாகாது என்றால், அந்நாளுக்குரிய உணவு முழுவதையும் வெள்ளிக்கிழமை மாலைக்குள் சமைத்தாக வேண்டும். வீட்டைத் துப்புரவு செய்து, பிள்ளைகளைக் குளிப்பாட்டி, விருந்தினருக்கும் ஏற்பாடு செய்ய வேண்டும். பகலில் அலுவலகம் சென்று திரும்பும் தாய்க்குச் சூரியன் காத்திருப்பதில்லை. ஓய்வுநாள் கட்டளையை விவிலியத்தில் படிப்போர் ஒன்றைக் கவனிக்கலாம். மகன், மகள், பணியாளர், கால்நடை, ஊரில் தங்கியுள்ள அந்நியர் என ஓய்வுக்குரியோர் அனைவரும் அதில் சுட்டப்படுகின்றனர். மனைவி மட்டும் தனியே சுட்டப்படவில்லை. 'நீ' என்ற சொல்லிலேயே அவரும் அடக்கம் என்பது விளக்கம். ஆனால், ஏட்டில் அடங்கியவருக்கு வீட்டில் ஓய்வு கிடைத்ததா என்பதே கேள்வி.

இக்கேள்வியோடு வாழ்ந்து எழுதியவர்களில் ஒருவர் அமெரிக்க எழுத்தாளர் புளூ கிரீன்பர்க். யூத குரு ஒருவரின் மனைவி; ஐந்து பிள்ளைகளின் தாய். 1963-இல் வெளிவந்த பெட்டி ஃப்ரீடனின் பெண்ணிய நூல் அவரைச் சிந்திக்க வைத்தது. பெண்களும் யூத மரபும் குறித்து 1981-இல் ஒரு நூலையும், மரபுவழி யூத இல்லத்தை நடத்தும் முறை குறித்து 1983-இல் மற்றொரு நூலையும் வெளியிட்டார். மரபைத் துறந்தால்தான் சமத்துவம் கிட்டும் என்பதை அவர் ஏற்கவில்லை. மரபு என்பதற்காகவே ஏற்றத்தாழ்வு தொடர வேண்டும் என்பதையும் ஏற்கவில்லை.

அவர் நின்ற அந்த நடுவழிக்கு மரபுக்குள்ளேயே ஆதாரம் இருக்கிறது. ஓய்வுநாளை வரவேற்கப் பெரும் அறிஞர்கள் தம் கைகளால் வேலை செய்ததைத் தால்முத் பதிவு செய்துள்ளது. ரவா மீனுக்கு உப்பிட்டார். ராவ் ஹிஸ்தா கீரைக்கிழங்கை நறுக்கினார். ராபாவும் ராவ் யோசேஃபும் விறகு பிளந்தனர். ஏவலர் பலர் இருந்தாலும் ஒவ்வொருவரும் தாமே ஏதேனும் ஒரு வேலையைச் செய்து ஓய்வுநாளைச் சிறப்பிக்க வேண்டும் என்று 16-ஆம் நூற்றாண்டில் யோசேஃப் காரோ தொகுத்த சட்டநூலும் விதித்தது. பேரறிஞர்களுக்கே இழுக்காகாத அடுக்களைப் பணி, இன்றைய கணவர்களுக்கும் மகன்களுக்கும் எப்படி இழுக்காகும்?

வாரத்தில் ஒரு நாள் வேலையை நிறுத்தச் சட்டத்தால் முடியும். ஆனால், நிறுத்திய வேலை முந்தைய நாளில் ஒருவர் தலையிலேயே விழுமானால், ஓய்வு இடம் மாறியதே தவிர, கிடைத்ததாகாது. வீட்டு வேலையை வேலை என்று ஒப்புக்கொள்வது முதற்படி. அதைப் பகிர்ந்துகொள்வது அடுத்த படி. யூத மரபின் ஏடுகளில் இவ்விரண்டும் இருக்கின்றன. முதலாவதை மட்டும் எடுத்துக்கொண்டு இரண்டாவதை மறந்த வீட்டில், விளக்கேற்றும் கைகள் களைத்தே இருக்கும். இது யூத இல்லங்களுக்கு மட்டும் பொருந்துவதன்று.