அப்ப பென் டிரைவ்ல என்ன கொண்டுவந்தோம்?

சென்ற கல்வியாண்டில் எங்கள் ஒன்பதாம் வகுப்பு மாணவர்கள் ஊர்க் கண்மாயைப் பற்றி ஆறு நிமிடப் படம் ஒன்று எடுத்தார்கள். மடை, கலுங்கு, கரையோரப் பனைகள் என எல்லாவற்றையும் கைபேசியில் படம்பிடித்து, ஷாட்கட் என்ற கட்டணமில்லா மென்பொருளில் என் மடிக்கணினியில் தொகுத்தார்கள். மடை திறக்கும் பெரியவரிடம் பேசி, அவர் குரலைப் பதிவுசெய்து வந்தவள் ஒரு மாணவி. படத்தின் உயிரே அந்தக் குரல்தான்.

வட்டார அளவிலான கண்காட்சிக்கு முந்தைய இரவு, நான் அந்தக் கோப்பைப் பென் டிரைவில் ஏற்றினேன். கண் இமைப்பதற்குள் ஏறிவிட்டது. அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். மறுநாள் அங்கிருந்த கணினியில் திறந்தபோது, காணாமல்போன கோப்புகளின் பட்டியல்தான் திரையில் வந்தது.

“டீச்சர், படம் அழிஞ்சுபோச்சா?”

“இல்லம்மா, வீட்டுல என் லேப்டாப்ல பத்திரமா இருக்கு.”

“அப்ப பென் டிரைவ்ல என்ன டீச்சர் கொண்டுவந்தோம்?”

அவள் கேட்டது சரியான கேள்வி. படம் காட்ட முடியாததால் கதையை வாயாலேயே சொன்னாள். நடுவர்களும் பொறுமையாகக் கேட்டார்கள். பெரியவரின் குரலைத்தான் யாரும் கேட்கவில்லை.

திங்கட்கிழமை அந்தக் கோப்பை நோட்பேடில் திறந்து வகுப்பில் காட்டினேன். அளவு 62 கே.பி. உள்ளே இருந்தவை வெறும் எழுத்துகள். எந்தக் காட்சி, அது எந்தக் கணினியில் எந்தக் கோப்புறையில் இருக்கிறது, எந்த நொடியில் தொடங்கி எந்த நொடியில் முடிய வேண்டும் என்ற விவரங்கள். காட்சிகளோ குரலோ அதில் இல்லை. மளிகைச் சீட்டை எடுத்துக்கொண்டு விருந்து வைக்கப் போன கதைதான் எங்களுடையது. அரை மணி நேரத்துக்கு மேற்பட்ட மூலக் காட்சிகள் மூன்றரை ஜி.பி. அளவில் என் டவுன்லோட்ஸ் கோப்புறையிலேயே கிடந்தன. ஷாட்கட் மட்டுமல்ல, கேடென்லைவ், ஓபன்ஷாட் போன்ற தொகுப்பு மென்பொருள்களும் இப்படித்தான். ஒவ்வொரு முறை சேமிக்கும்போதும் பெரிய காணொலிகளைப் பிரதி எடுத்துக்கொண்டிருந்தால் நம் கணினிகள் தாங்காது.

தீர்வு எளிது. தொகுக்கத் தொடங்கும் முன்பே ஒரு கோப்புறை உருவாக்கி, காட்சி, குரல், இசை, படம் எல்லாவற்றையும் அதற்குள் போட்டுவிட வேண்டும். திட்டக் கோப்பையும் அங்கேயே சேமிக்க வேண்டும். அப்போது ஷாட்கட், முழு முகவரிக்குப் பதிலாக ‘என் பக்கத்தில் இருக்கும் கோப்பு’ என்ற அளவில் மட்டும் குறித்துக்கொள்ளும். கோப்புறையை முழுதாக எங்கே கொண்டுபோனாலும் திறக்கும். தொகுக்கத் தொடங்கிய பிறகு கோப்புகளின் பெயரை மாற்றினாலோ இடம் மாற்றினாலோ நம் கணினியிலேயே இணைப்பு அறுந்துவிடும். கேடென்லைவில் திட்டத்தை ஆவணப்படுத்தும் வசதி உண்டு. சிதறிக் கிடப்பவற்றை அதுவே ஓரிடத்தில் திரட்டித் தரும்.

சரியாக வந்ததா என்பதை வேறொரு கணினியில் திறந்து பார்த்துவிடுங்கள். ஒரே கணினிதான் இருக்கிறதென்றால், மூலக் கோப்புறையின் பெயரைத் தற்காலிகமாக மாற்றிவிட்டு, பென் டிரைவில் உள்ள பிரதியைத் திறந்து பாருங்கள். ஓடினால் நம்பிக் கொண்டுபோகலாம். போன இடத்தில், முதலில் கணினியில் பிரதி எடுத்த பிறகே திறப்பது நல்லது. பென் டிரைவிலிருந்து நேரடியாக ஓட்டினால் காட்சி திக்கித் திணறும்.

32 ஜி.பி. பென் டிரைவில் இடம் காலியாக இருந்தும் ‘கோப்பு மிகப் பெரியது’ என்று மறுப்பதைச் சிலர் பார்த்திருப்பீர்கள். அது ஃபேட்32 முறையில் இருந்தால் 4 ஜி.பி.க்கு மேற்பட்ட தனிக் கோப்பை ஏற்காது. எக்ஸ்ஃபேட் முறைக்கு மாற்றினால் சிக்கல் தீரும். மாற்றும்போது உள்ளே இருப்பதெல்லாம் அழிந்துவிடும் என்பதால், முன்பே பிரதி எடுத்துக்கொள்ளுங்கள். வாட்ஸ்அப்பில் காணொலியாக அனுப்பினால் தரம் குறைந்துவிடும். ஆவணமாக இணைத்து அனுப்பினால் குறையாது.

இன்னொன்று. திரையிடுவது மட்டுமே நோக்கமென்றால் திட்டக் கோப்பைக் கொண்டுபோகவே தேவையில்லை. எம்பி4 கோப்பாக ஏற்றுமதி செய்து கொண்டுபோனால் போதும். அன்று நான் செய்திருக்க வேண்டியதும் அதுதான். வேறொருவர் திருத்த வேண்டுமென்றால் மட்டும் முழுக் கோப்புறையும் போக வேண்டும்.

பவர்பாயிண்ட் பயன்படுத்துவோருக்கும் இது பொருந்தும். 2007 பதிப்பு காணொலியின் முகவரியை மட்டுமே வைத்துக்கொள்ளும். 2010 முதல் வந்த பதிப்புகள் வழக்கமாகக் காணொலியையே உள்ளே பொதிந்துவிடும். ஆனால் செருகும்போது ‘லிங்க் டு ஃபைல்’ என்பதைத் தேர்ந்தெடுத்தால் பழைய கதைதான். இருபது நிமிடக் காணொலி வைத்த ஸ்லைடு கோப்பு ஒரு எம்.பி.கூட இல்லையென்றால் சந்தேகப்படுங்கள்.

எழுத்துருவும் இப்படித்தான் காலை வாரும். வானவில், பாமினி போன்றவற்றில் தட்டச்சு செய்த ஸ்லைடு, அந்த எழுத்துரு இல்லாத கணினியில் ஆங்கில எழுத்துகளும் குறியீடுகளுமாகக் குழம்பித் தெரியும். யூனிகோடில் தட்டச்சு செய்துவிட்டால் இந்தத் தொல்லை இல்லை. பழைய ஸ்லைடுதான் என்றால், அந்த எழுத்துருக் கோப்பையும் அதே கோப்புறையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள்.