ஊருக்கு ஒரு திறந்த கதவு

மாலை ஐந்து மணி. வெயில் தாழ்ந்துவிட்டது. தோட்டத்துக்குத் தண்ணீர் இறைத்து முடித்தவர்கள் மண்வெட்டியைத் தோளிலே சுமந்தவாறு வீடு திரும்பும் வேளை. யாழ்ப்பாணக் குடாநாட்டிலுள்ள ஏதேனும் ஒரு கிராமத்தின் ஒழுங்கை வழியே நாம் நடந்து செல்கின்றோம் என வைத்துக்கொள்வோம். ஒழுங்கை வந்து தெருவோடு சேருமிடத்தில் ஒரு வேப்பமரம் நிற்கின்றது. அதன் அருகே ஒரு மண்டபமும் முன்விறாந்தையும் கொண்ட சிறிய கட்டடம். அதன் நெற்றியிலே ஒரு பெரியாரின் பெயரும், அதனைத் தொடர்ந்து 'சனசமூக நிலையம்' என்ற சொற்களும் எழுதப்பட்டிருக்கின்றன. உள்ளே ஒரு நீண்ட மேசை. அதன் இரு மருங்கிலும் வாங்குகள். மேசைமீது அன்றைய புதினப் பத்திரிகைகள். சுவரிலே காந்தியடிகளும் பாரதியாரும்.

வாசிகசாலை என்றும் படிப்பகம் என்றும் ஊரவர் அழைக்கும் இந்த நிலையம் இல்லாத கிராமத்தைக் குடாநாட்டிலே காண்பது அரிது. நாள்தோறும் அதன் வாசலைக் கடந்து செல்கின்றோம். ஆயினும் அது ஊருக்கு என்ன செய்தது, இன்று எந்நிலையில் இருக்கின்றது என்பதை நின்று எண்ணிப் பார்ப்பவர் சிலரே. அந்தச் சிலருள் வாசகரையும் சேர்த்துக்கொள்ளும் விருப்பத்தோடு இதனை எழுதுகின்றோம்.

ஒருவர் படிக்கப் பலர் கேட்டனர்

1930 ஆம் ஆண்டிலே கொழும்பில் 'வீரகேசரி'யும் யாழ்ப்பாணத்தில் 'ஈழகேசரி'யும் தோன்றின. 1932 இல் 'தினகரன்' வந்தது. இவற்றுக்கிடையே, 1931 இல், இந்நாட்டு மக்களுக்குச் சர்வசன வாக்குரிமை கிடைத்தது. வாக்களிக்கும் உரிமை வந்துவிட்டது, பத்திரிகையும் வந்துவிட்டது. ஆனால் நாளுக்கொரு பத்திரிகையைக் காசு கொடுத்து வாங்கக்கூடிய குடும்பங்கள் கிராமத்திலே எத்தனை இருந்திருக்கும்? வாங்கினாலும் அதனைப் படிக்கத்தக்கவர் எத்தனை பேர்?

இந்தக் குறையைத் தீர்க்கும் இடமாக வாசிகசாலை அமைந்தது. ஒரு பிரதி பத்திரிகை ஊருக்கே போதுமானதாயிற்று. எழுத்தறியாத முதியவர் வாங்கிலே அமர்ந்திருப்பார். பள்ளிக்கூடம் விட்டு வந்த சிறுவன் ஒருவன் உரத்த குரலிலே செய்தியைப் படிப்பான். முதியவர் இடையிலே ஒரு கேள்வி கேட்பார், சிறுவன் விழிப்பான், பக்கத்திலிருந்த ஆசிரியர் விளக்கம் கூறுவார். முதியவர் உலகத்தை அறிந்தார். சிறுவனோ பிழையின்றிப் படிக்கவும் சபையிலே கூச்சமின்றிப் பேசவும் பழகினான். 1945 இல் இலவசக் கல்வி வந்தபின் படிக்கத் தெரிந்த பிள்ளைகள் பெருகினர். வாசிகசாலைகளும் அவர்களால் வளம் பெற்றன.

பொதுவாழ்வுக்கான முயற்சிகள் எளிய இடத்திலேதான் தொடங்குகின்றன என்பதற்கு யாழ்ப்பாணப் பொதுநூலகமே தக்க சான்று. 1933 இல் க. மு. செல்லப்பா என்பவர் தமது இல்லத்திலே சில நூல்களை வைத்து இலவசமாக இரவல் கொடுத்ததே அதன் தொடக்கம். அந்தச் சிறு விதை வளர்ந்து, 1959 இல் பெருங் கட்டடமாக எழுந்தது. 1981 ஆம் ஆண்டு அந்நூலகம் எரியூட்டப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. அச்செய்தி கேட்டு நகரத்துப் புலவர்கள் மாத்திரம் கலங்கவில்லை. வாசிகசாலை வாங்கிலே அமர்ந்து எழுத்தின் அருமையை உணர்ந்த கிராமத்தவரும் கலங்கினர்.

கதவு யாருக்குத் திறந்திருந்தது?

பெருமையை மாத்திரம் பேசி நிறுத்திவிட்டால் நாம் உண்மைக்குத் துரோகம் செய்தவராவோம். ஒரே கிராமத்தில் மூன்று, நான்கு வாசிகசாலைகளைக் காண்கின்றோம். தூரம் காரணமாகச் சில எழுந்தன என்பது மெய்யே. ஆனால் ஒரு குறிச்சியைச் சேர்ந்தவர் இன்னொரு குறிச்சியின் வாங்கிலே சமமாக அமர இயலாதிருந்த கொடுமையும் அதற்குக் காரணமாயிற்று. பொது இடங்களிலே சாதியின் பெயரால் ஒருவரைத் தடுப்பது குற்றம் என 1957 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கச் சட்டம் கூறிற்று. எனினும் தேநீர்க் கடைகளும் கோயில்களும் எல்லார்க்கும் திறக்கப்பட வேண்டுமென அறுபதுகளின் பிற்பகுதியிலும் மக்கள் போராட வேண்டியிருந்தது.

அந்நாட்களில் ஒடுக்கப்பட்ட மக்கள் தாமே கிடுகுக் கொட்டில் அமைத்து உருவாக்கிய வாசிகசாலைகளை நாம் மறத்தலாகாது. 'எமக்கும் ஒரு வாங்கு உண்டு. அதிலே இருந்து நாமும் படிப்போம்' என்னும் உறுதியே அக்கொட்டில்களின் தூணாக நின்றது.

பெண்களின் நிலையோ வேறு விதமானது. எவரும் அவர்களைத் தடுக்கவில்லை. ஆனால் அழைக்கவும் இல்லை. ஆண்கள் நிறைந்திருக்கும் விறாந்தையைக் குனிந்த தலையோடு கடந்து சென்ற பெண்கள், முன்பள்ளியும் மாதர் சங்கமும் அதே மண்டபத்தில் அமைந்த பின்னரே உரிமையோடு உள்ளே வந்தனர். ஒரு நிலையத்தை மதிப்பிட வேண்டுமாயின், வாசலுக்கு வெளியே யார் நிற்கின்றார்கள் என்பதையே முதலில் பார்த்தல் வேண்டும்.

இடர் வந்த நாளிலே

வாசிகசாலை என்ற பெயரைக் கொண்டு அங்கே வாசிப்பு மாத்திரமே நிகழ்ந்தது என எண்ணிவிடலாகாது. ஊரிலே ஒரு மரணம் நிகழ்ந்துவிட்டால், வீட்டார் அழுதுகொண்டிருக்கும்போதே நிலையத்து இளைஞர்கள் வந்துவிடுவார்கள். பந்தல் எழும், கதிரைகள் வரும், தூரத்து உறவினர்க்குச் செய்தி போகும். கலியாணமாயின் அதே நிலையத்திலிருந்து கிடாரமும் சருவமும் குறைந்த வாடகைக்குக் கிடைக்கும். அவ்வாடகைப் பணம் நிலையத்தின் செலவுக்கு உதவும். காலையிலே பாலர்கள் பாட்டுப் பாடுவர். மாலையிலே முன்றலில் கரப்பந்தாட்டம் நடைபெறும். விடுமுறை நாளிலே சிரமதானத்தால் ஒழுங்கை துப்புரவாகும்.

போர்க்காலத்திலே இதன் அருமை மேலும் புலனாயிற்று. 1990 இன் நடுப்பகுதியிலே குடாநாட்டுக்கு மின்சாரம் நின்றது. அந்த இருள் பல ஆண்டுகள் நீடித்தது. மண்ணெண்ணெய்க்கும் தட்டுப்பாடு. ஜாம் போத்தலுக்குள் பஞ்சை வைத்துச் சில துளி எண்ணெயில் எரித்த விளக்கொளியிலே பிள்ளைகள் பரீட்சைக்குப் படித்தனர். துவிச்சக்கர வண்டியைக் கவிழ்த்து வைத்து ஒருவர் மிதிக்க, அதன் டைனமோ தந்த மின்சாரத்திலே வானொலி பேச, அயலவர் சூழ்ந்து நின்று செய்தி கேட்டனர். ஒருவர் படிக்கப் பலர் கேட்ட பழைய வழக்கம், ஒருவர் மிதிக்கப் பலர் கேட்பதாக மாறிற்று.

1995 ஒக்ரோபர் 30 ஆம் நாள் இரவு வலிகாமம் முழுவதுமே தெருவில் இறங்கித் தென்மராட்சியை நோக்கி நடந்தது. பாடசாலை, கோயில், பொதுமண்டபம் என்று கூரையுள்ள இடமெல்லாம் அன்று அகதிகளின் வீடாயிற்று. 2004 டிசெம்பர் 26 இல் கடல் பொங்கிக் கரையோர ஊர்களை அழித்தபோதும், அரசாங்கத்தின் கை வந்து சேருமுன் அயலூராரின் கைகளே முதலில் நீண்டன. அந்தக் கைகளை ஒன்று சேர்த்துப் பழக்கியவை இத்தகைய நிலையங்கள் என்பதில் ஐயமில்லை.

சிக்காகோ தரும் பாடம்

இத்தகைய பணி எமது நாட்டுக்கு மாத்திரம் உரியதன்று. 1884 இல் இலண்டன் மாநகரின் கிழக்குப் பகுதியிலே, ஏழைகளின் நடுவே கற்றவர்கள் சென்று வாழ்ந்து தொண்டு புரிவதற்கென 'டொயின்பி மண்டபம்' நிறுவப்பட்டது. அதனைப் பார்த்து வந்த ஜேன் அடம்ஸ் அம்மையார், தம் தோழி எலன் கேற்ஸ் ஸ்ரார் அவர்களுடன் சேர்ந்து, 1889 இல் அமெரிக்காவின் சிக்காகோ நகரிலே 'ஹல் இல்லம்' என்னும் நிலையத்தைத் தொடங்கினார். பல நாடுகளிலிருந்து குடியேறிய தொழிலாளர் நெருங்கி வாழ்ந்த பகுதி அது. வேலைக்குச் செல்லும் தாய்மாரின் குழந்தைகளுக்குக் காப்பகமும் இளைஞர்க்கு இரவு வகுப்புகளும் அங்கே நடந்தன. தெருக்களில் குப்பை மலிந்து நோய் பரவியபோது, 1895 இல் அம்மையார் தாமே அவ்வட்டாரத்தின் குப்பை அகற்றும் பணியின் பரிசோதகர் பதவியை ஏற்று, விடியற்காலையில் குப்பை வண்டிகளின் பின்னே சென்றார். 1931 இல் சமாதானத்துக்கான நோபல் பரிசு அவரை நாடி வந்தது.

அத்தகைய பெருமை வாய்ந்த இல்லத்தின் பெயரால் இயங்கிய சங்கம் 2012 ஜனவரியிலே பணமின்றி மூடப்பட்டது. பிற்காலத்தில் அது அரசாங்கம் அளித்த பணத்தையே பெரிதும் நம்பியிருந்தது. அப்பணம் குறைந்தபோது தாங்க இயலவில்லை. பழைய இல்லம் இன்று நூதனசாலையாக நிற்கின்றது. தொலைவிலிருந்து வரும் பணத்திலே மாத்திரம் நிற்கும் நிலையம், அப்பணம் நின்றால் தானும் நிற்க மாட்டாது. இப்பாடம் எமக்கும் பொருந்தும்.

கட்டடம் உண்டு, ஆட்கள் எங்கே?

ஏனெனில், போர் 2009 இல் ஓய்ந்தபின் புலம்பெயர்ந்து வாழும் ஊரவரின் உதவியால் பல நிலையங்கள் புதிய மாடிகளோடு எழுந்துள்ளன. கனடாவிலும் இலண்டனிலும் குளிரிலே உழைத்த காசு அது. அதற்கு நாம் நன்றியுடையோம். உள்ளூராட்சி மன்றங்கள் பத்திரிகைச் செலவுக்கு உதவுவதும் உண்டு. ஆயினும் மாலையிலே எட்டிப் பார்த்தால், பளிங்குத் தரையிலே தூசு படிந்திருக்கின்றது, வாங்கிலே இரண்டு முதியவர்கள் இருக்கின்றனர், மூன்றாமவரைக் காணவில்லை. இளைஞர் கையிலே தொலைபேசி இருக்கின்றது. உலகத்துச் செய்தி அதிலே வருகின்றது. அப்படியானால் இந்த மேசையும் வாங்கும் எதற்கு?

தொலைபேசி செய்தியைத் தரும். செய்தியின் பொருளைப் பக்கத்திலிருந்து விளக்கும் ஆசிரியரைத் தாராது. அடுத்த வீட்டு முதியவர் மூன்று நாட்களாக வெளியே வரவில்லை என்பதை அது சொல்லாது. பிள்ளைகள் கடல் கடந்து சென்றுவிட, பெரிய வீட்டிலே தனித்திருக்கும் பெற்றோர் இன்று எமது ஊர்களிலே பலர். அரசாங்கப் படிவத்தை நிரப்பத் தெரியாத விதவைத் தாய் இருக்கின்றாள். தனிப் போதனைக்குப் பணம் கட்ட வழியின்றிப் பின்தங்கும் பிள்ளை இருக்கின்றான். இவர்களுக்கு இன்னும் ஒரு வாங்கு தேவை.

செய்ய வேண்டியவை பெரியன அல்ல. உயர்வகுப்பு மாணவர் இருவர் மாலையில் ஒரு மணி நேரம் இளையோருக்குக் கணிதம் சொல்லிக் கொடுக்கலாம். வாரத்தில் ஒருநாள் படிவம் நிரப்பிக் கொடுப்பதற்கென ஒருவர் அமரலாம். பார்வை குன்றிய முதியவர்க்குப் பத்திரிகையை உரத்துப் படிக்கலாம். நிருவாக சபையிலே பெண்களும் எல்லாக் குறிச்சியினரும் இடம்பெறலாம். இவற்றுள் எதற்கும் கனடாவிலிருந்து காசு வரத் தேவையில்லை. நாள்தோறும் தவறாமல் திறப்பைக் கொண்டு வந்து கதவைத் திறக்கும் ஒருவர் இருந்தாற் போதும்.

அந்தத் திறப்பு இன்று பெரும்பாலும் ஒரு முதியவரின் மடியிலே இருக்கின்றது. அவர் ஒருநாள் அதனை யாரிடம் கொடுப்பது என்று சுற்றும் முற்றும் பார்ப்பார். இதனைப் படிக்கும் மாணவரே, அவ்வேளை நீங்கள் அவர் கண்ணிலே படும்படி அங்கே இருத்தல் வேண்டும்.