தம்பியின் ஃபாரின் செமஸ்டர்: லோன் பேப்பரில் கையெழுத்து போடும் முன் 3 கேள்விகள்

வேலைக்குச் சேர்ந்து ரெண்டு, மூணு வருஷம் ஆனவங்க அடிக்கடி கேட்கிற கேள்வி இது: "காலேஜ் படிக்கிற தம்பி ஒரு செமஸ்டர் ஜெர்மனி போகணும்னு சொல்றான். அப்பா ரிட்டயர் ஆயிட்டார். லோனுக்கு நான் கோ-அப்ளிகன்ட்டா கையெழுத்து போடலாமா?"

போடலாம். ஆனா இந்த மூணு கேள்விக்கும் பதில் கிடைச்ச பிறகு போடுங்க.

1. இது எக்ஸ்சேஞ்சா, தனியா ஃபீஸ் கட்டுற படிப்பா?

ரெண்டு கல்லூரிக்கும் ஒப்பந்தம் இருந்தா, பெரும்பாலும் டியூஷன் ஃபீஸ் இங்கே மட்டும்தான். ஒப்பந்தம் இல்லைன்னா அங்கேயும் கட்ட வேண்டி வரலாம். அங்கே எடுக்கிற கிரெடிட்டை இங்கே ஏத்துக்குவாங்களான்னு எழுத்துல வாங்கச் சொல்லுங்க. ஏத்துக்கலைன்னா டிகிரி தள்ளிப்போகும், தம்பியோட முதல் சம்பளமும் தள்ளிப்போகும்.

ஃபீஸ் இல்லைன்னாலும் வாழ்க்கைச் செலவு உண்டு. 2024 செப்டம்பர்ல ஜெர்மனி மாணவர் விசாவுக்கான பிளாக்டு அக்கவுன்ட் தொகையை மாசம் 992 யூரோவா உயர்த்தினாங்க. 6 மாசத்துக்கு 5,952 யூரோ. ஒரு யூரோ 100 ரூபாய்னு வெச்சாலே கிட்டத்தட்ட 6 லட்சம். ஃப்ளைட், இன்ஷூரன்ஸ் தனி.

2. கடன் யார் தலையில்?

6 லட்சம், 10% வட்டி, 7 வருஷம்னா இ.எம்.ஐ. சுமார் 9,960 ரூபாய். படிக்கிற காலத்து வட்டியைக் கட்டாம விட்டா இன்னும் கூடும். தம்பி தவணை தவறினா உங்க சிபில் ஸ்கோரும் இறங்கும். ஒழுங்கா கட்டினாலும், நாளைக்கு நீங்க ஹோம் லோன் கேட்கும்போது பேங்க் இந்தக் கடனையும் கணக்குல எடுக்கும்.

3. வரிச் சலுகை கிடைக்குமா?

இங்கேதான் நிறைய பேர் ஏமாந்து போறாங்க. கல்விக் கடன் வட்டிக்கு வரிக் கழிவு உண்டு. ஆனா அது உங்க படிப்பு, கணவன் அல்லது மனைவி, பிள்ளைகள், நீங்க சட்டப்படி கார்டியனா இருக்கிற மாணவர் ஆகியோருக்காக வாங்கின கடனுக்குத்தான். தம்பி, தங்கை அந்த லிஸ்ட்ல இல்லை. இ.எம்.ஐ. முழுக்க நீங்களே கட்டினாலும் கழிவு கிடையாது. தம்பி கடன்காரரா இருந்து, தன் சம்பளத்துல கட்டினா, பழைய வரி முறையில அதிகபட்சம் 8 வருஷம் வட்டிக் கழிவு அவருக்குக் கிடைக்கும்.

கணக்கு இடிக்குதா?

உள்நாட்டிலேயே வழி இருக்கு. சில ஐஐடிகள் வேற கல்லூரி மாணவர்களை நான்-டிகிரி மாணவரா ஒரு செமஸ்டர் சேர்த்துக்குது. பல்கலைக்கழகம் அனுமதிச்சா, ஒரு செமஸ்டரோட பாடங்கள்ல 40% வரை சுயம் தளத்துல படிச்சு கிரெடிட் வாங்க யுஜிசி விதி இடம் கொடுக்குது. விசா வேண்டாம், 6 லட்சமும் வேண்டாம்.

என் கருத்து: ஃபீஸ் விலக்கு, கிரெடிட் உறுதி ரெண்டும் எழுத்துல இருந்து, பாதிச் செலவாவது சேமிப்புல இருந்து வந்தா கையெழுத்து போடுங்க. இல்லைன்னா இப்போ உள்நாட்டு செமஸ்டர் போதும். பெரிய கடனை, கையில ஒரு டிகிரி தரப்போற மாஸ்டர்ஸுக்கு மிச்சம் வையுங்க.